கடைமடைக்கு எட்டாத ஆங்கிலம்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து அரசுப் பெண்கள் பள்ளிகளுக்கு உதவ விரும்பும் முன்னாள் மாணவர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்



பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் ஊர் திரும்பும்போது உங்களில் பலர் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்து, "பள்ளிக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்வியால் மின்விசிறி வந்திருக்கிறது, குடிநீர் இயந்திரம் வந்திருக்கிறது, சுவருக்கு வண்ணம் வந்திருக்கிறது. இவற்றில் எதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். இப்போது இன்னொரு கேள்வியும் அடிக்கடி எழுகிறது: "நம்ம பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் வரணும், அதுக்கு என்ன செய்யலாம்?" அதற்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை ஒரு ஸ்மார்ட் போர்டு, அல்லது ஒருநாள் பேச்சுப் பயிற்சி முகாம், அல்லது ஆளுக்கொரு அகராதி. இந்த விடை தவறு என்று சொல்லவே இம்மடலை எழுதுகிறேன். ஒரு கிராமத்துப் பெண்பிள்ளைக்கு ஆங்கிலம் அவளுடைய ஆசிரியர் வழியாகத்தான் வர முடியும். நீங்கள் கொடுக்கும் பணமும் நேரமும் அந்த ஆசிரியரைச் சென்று சேர வேண்டும், அதுவும் ஒரு நாளுக்கல்ல, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு.

பெண்பிள்ளை என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் சுமார் 63 விழுக்காடு. தமிழ்நாடு முழுமைக்கும் அது 73 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. அன்று கணக்கில் வந்த இளம்பெண்கள்தாம் இன்று நம் பள்ளி மாணவிகளின் தாய்மார்கள். வீட்டுப்பாடத்தில் ஓர் ஆங்கிலச் சொல் தட்டினால் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைகள் இங்கே மிகுதி. மாலை ஐந்து மணிக்கு மேல் விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ போய் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு இருட்டியபின் திரும்ப ஒரு பெண்பிள்ளையின் அண்ணனுக்கு முடியும். அவளுக்கு முடியாது. டவுன் பஸ்ஸின் நேரமும், வீட்டில் காத்திருக்கும் வேலையும், ஊராரின் பேச்சும் சேர்ந்து அவளைத் தடுக்கின்றன. வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசி பெரும்பாலும் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. ஆக, பையனுக்குப் பள்ளிக்கு வெளியேயும் சில வாசல்கள் உண்டு, அவளுக்குப் பள்ளிக்கூடத்துப் பாடவேளை ஒன்றுதான். அந்தப் பாடவேளை வெறுமையாகக் கழிந்தால் அன்றைய ஆங்கிலம் அவளுக்கு இல்லை.

இதற்கிடையில் அரசு சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது, அடுத்த ஆண்டே பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் நீண்டது. 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ரூ.1,000 தருகிறது. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக்கல்லூரிகளும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகளும் இருக்கின்றன. ஊரைத் தாண்டாமலே மேற்படிப்பு எட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் நடக்கும் பாடம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தருவது மதிக்கத்தக்க விலக்கு. மற்றப் படிப்புகளில், முதல் பருவத்திலேயே கனத்த ஆங்கில நூல்களோடு தனியாக மல்லுக்கட்டும் பெண் தன் அறிவின்மீதே ஐயம் கொள்ளத் தொடங்குகிறாள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தவளுக்கு இந்த நிலை நேர்வது எனக்குப் பெரும் அநீதியாகப் படுகிறது. 1968 ஜனவரியில் அண்ணா ஆட்சி சட்டமன்றத்தில் தமிழ், ஆங்கிலம் என்ற இருமொழிக் கொள்கையை நிறைவேற்றியது. அந்த இரண்டு மொழிகளில் இரண்டாவது, வாக்களித்தபடி கிராமத்துப் பெண்ணின் கைக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்கும் கடமை, அக்கொள்கையை நேசிக்கும் நமக்கே முதலில் உண்டு.

வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு பாடவேளை நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். வருகைப்பதிவு, நோட்டுத் திருத்தம் போக முப்பது நிமிடம் மிஞ்சினால் நல்லது. வகுப்பில் ஐம்பது மாணவிகள் என்றால், எல்லோரும் முறைவைத்துப் பேசினாலும் ஒருத்திக்கு ஒரு நிமிடம்கூட வராது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண், அத்தனையும் எழுத்துக்கே. கேட்பதற்கும் பேசுவதற்கும் அங்கே இடம் இல்லை. மனப்பாடச் செய்யுள், பத்தி வினா, இலக்கணப் பயிற்சி ஆகியவற்றைத் திரும்பத் திரும்ப எழுதவைத்தால் தேர்ச்சி விழுக்காடு வந்துவிடும். அந்த விழுக்காட்டை வைத்துத்தான் ஆசிரியரை எடைபோடுகிறார்கள். மெல்லக் கற்கும் மாணவிகளை எப்படியாவது 35-ஐத் தாண்டவைக்க மாலைநேரச் சிறப்பு வகுப்பும் அவர் தலையில்தான். இத்தனைக்கும் நடுவில் எமிஸ் தளத்தில் தரவுப் பதிவேற்றம், நலத்திட்டப் பட்டியல், தேர்தல் பணி. இந்த நிலையில் ஓர் ஆசிரியர் குறிப்பைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பார்த்தெழுதச் சொல்கிறார் என்றால், தேர்வு அவரிடம் கேட்டதை அவர் கொடுக்கிறார்.

ஆசிரியருக்குப் பயிற்சி தருவது அரசின் வேலைதானே, தந்துகொண்டுதானே இருக்கிறார்கள் என்பீர்கள். உண்மைதான். மயிலத்தில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, ஒன்றியந்தோறும் வட்டார வள மையம் இருக்கிறது. ஆனால் பயிற்சி வந்துசேரும் முறையில் ஒரு பழைய குறை ஒளிந்திருக்கிறது, அதற்கு வயது அறுபதுக்கு மேல். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அன்றைய மெட்ராஸ் மாநிலத்தில், தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தர ஒரு பெருமுயற்சி நடந்தது. சிலருக்குக் கற்றுக்கொடுத்து, அவர்கள் வேறு பலருக்குக் கற்றுக்கொடுத்து, அப்படியே பெருகிக்கொண்டு போகும் ஏற்பாடு. உருளும்போது பெருகும் பனியுருண்டையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். நம் ஊருக்கு ஏரியையும் வாய்க்காலையும் சொன்னால் இன்னும் நன்றாக விளங்கும். மதகடியில் புரண்டு ஓடும் தண்ணீர் வாய்க்காலுக்கு வாய்க்கால் மாறி, கடைமடைக்கு வரும்போது சேற்றீரமாக மட்டும் மிஞ்சுகிறது. மேலிருந்து ஐந்து நாள், நடுவில் மூன்று நாள், கீழே ஒருநாள் என்று இறங்கிவரும் பயிற்சிக்கும் அதே கதிதான். கடைசியில் கையெழுத்து வாங்கும் வருகைத்தாளும் ஒரு கையேடும் மட்டுமே கைக்கு வருகின்றன. திங்கட்கிழமை காலை வகுப்பில் அந்தக் கையேட்டை விரித்துப் பார்த்து ஒரு சந்தேகம் எழுந்தால் கேட்க ஆள் இல்லை.

இதைவிடப் பயனுள்ள பாடம் ஒன்று பக்கத்திலேயே நடந்திருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம். 1979 முதல் 1984 வரை, மெட்ராஸ் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ்.பிரபு என்ற அறிஞர் தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஓர் ஆங்கிலக் கற்பித்தல் முயற்சியை நடத்தினார். உலக அளவில் அதைப் பெங்களூர்த் திட்டம் என்கிறார்கள், ஆனால் சென்னையிலும் கடலூரிலும்கூட அதன் வகுப்புகள் நடந்தன. கடலூர் என்றால் நம் பழைய தென்னார்க்காட்டின் தலைநகர். 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமாகும்வரை நம் கோப்புகளெல்லாம் அங்கேதான் இருந்தன. இலக்கண விதியை முன்னால் வைக்காமல், பிள்ளைகள் மூளையைச் செலவழித்துத் தீர்க்கவேண்டிய கணக்கு ஒன்றை ஆங்கிலத்தில் முன்வைப்பது பிரபுவின் முறை. ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியைப் பிடிக்கலாம் என்று சொல்வது, வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது போன்ற வேலைகள். முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதையும் கேள்வி கேட்டு அழைத்துச் செல்வார், பிறகு அதே போன்ற ஒன்றைப் பிள்ளை தனியாகச் செய்து பார்க்கும். விடையைத் தேடும் மும்முரத்தில் மொழி தானாகப் பதியும் என்பது அவர் நம்பிக்கை. விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை, திருச்சி, கடலூர் வழி மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழி காட்பாடி என ஐந்து திசையில் தண்டவாளம் பிரிகிறது. இந்த வகைப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடப்புத்தகம் எங்கே கிடைக்கும்? திண்டிவனத்தில் ஏறுகிற ஒரு பெண் மாலைக்குள் திருவண்ணாமலை போக எந்த வண்டியில் ஏறி, விழுப்புரத்தில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கும் ஏழாம் வகுப்புச் சிறுமி, அரைமணி நேரத்தில் நூறு ஆங்கிலச் சொற்றொடர்களைக் கேட்டும் படித்தும் இருப்பாள்.

ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் அந்த முயற்சியை மதிப்பீடு செய்து, அது வழக்கமான கற்பித்தலைவிட ஓரளவு மேலான பலன் தந்ததாக 1985-இல் எழுதினார்கள். பெரெட்டா பின்னர் இன்னொரு கேள்வியையும் ஆராய்ந்தார்: அந்த முறையை ஆசிரியர்கள் எந்த அளவுக்குத் தமதாக்கிக்கொண்டார்கள்? 1990-இல் வந்த அவருடைய விடைதான் இம்மடலின் அடித்தளம். திட்டத்தோடு நெருக்கமாக இருந்த நிபுணர்கள் அதைக் கையாண்டார்கள். அன்றாடம் அந்தப் பள்ளியிலேயே பணிபுரிந்த வழக்கமான ஆசிரியர்களுக்கு அது பெரும்பாலும் வசப்படவில்லை. பலன் தருவதாகத் தெரிந்த முறை ஒன்று, நம் மண்ணிலேயே முளைத்து, உலகெங்கும் மொழிக்கல்வி நூல்களில் இடம்பெற்று, நம் வகுப்பறையில் வேர்பிடிக்காமல் போனது. முறை எவ்வளவு நல்லதானாலும், ஆசிரியர் அதைச் செய்து பார்த்து, தவறி, கூட்டாளியோடு பேசி, மறுபடியும் செய்து பார்க்க அவகாசமும் துணையும் இல்லையென்றால் இதுதான் நடக்கும். அந்த அவகாசத்தையும் துணையையும் தரத்தான் உங்களைக் கேட்கிறேன்.

எப்படித் தருவது? விழுப்புரம், திண்டிவனம் கல்வி மாவட்டங்களில் பத்துப் பெண்கள் பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர்கள், மாதம் ஒரு சனிக்கிழமை அரைநாள், இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் மயிலத்தில் கூடட்டும். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதியோடு, அங்குள்ள மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் துணையோடு. அங்கே சொற்பொழிவு வேண்டாம். அந்த மாதம் தம் வகுப்பில் செய்த ஒரு பாடத்தை ஓர் ஆசிரியர் சொல்லட்டும், எங்கே சிக்கியது என்று மற்றவர் கேட்கட்டும், அடுத்த மாதத்துக்கு ஒன்றை எல்லோரும் சேர்ந்து உருவாக்கட்டும், பேச்செல்லாம் ஆங்கிலத்திலேயே நடக்கட்டும். நம் ஆசிரியர்களில் பெரும்பாலோர் இதே வட்டாரத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்து வந்தவர்கள், முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் அவர்களில் உண்டு. "டீச்சருக்கே இங்கிலீஷ் வராது" என்று இளக்காரமாகச் சொல்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: பி.எட். முடித்த நாளிலிருந்து அவருக்கு ஆங்கிலத்தில் யாரோடு பேச வாய்ப்புக் கிடைத்தது? மொழி பேசாமல் கிடந்தால் துருப்பிடிக்கும். மாதம் மூன்று மணி நேரம், தவறு செய்தால் சிரிக்காத சக ஆசிரியர்களோடு பேசும் இடம் ஒன்று வேண்டும். உங்களில் சென்னையிலோ சிங்கப்பூரிலோ ஆங்கிலத்திலேயே வேலை பார்ப்பவர்கள், மாணவிகளுக்கு முன்னால் மேடையேறுவதற்குப் பதில், மாதம் ஒருநாள் அந்த வட்டத்தில் வந்து உட்காரலாம். பயணச் செலவு, தேநீர், நகலெடுக்கும் செலவு, சனிக்கிழமைக்கு ஒரு சிறு மதிப்பூதியம் என்று கூட்டிப் பார்த்தாலும் ஒரு ஸ்மார்ட் போர்டின் விலையில் நெடுநாள் நடத்தலாம்.

பொருளாக ஏதேனும் தந்தே ஆகவேண்டும் என்றால் கதைப்புத்தகம் தாருங்கள். ஃபிஜித் தீவில், கரும்புத் தோட்டத்துக்குப் போன நம்மவர்களின் வழித்தோன்றல்களும் வாழும் நாட்டில், வார்விக் எல்லியும் ஃபிரான்சிஸ் மங்குபாயும் நடத்திய ஆய்வு 1983-இல் வெளியானது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் 4, 5-ஆம் வகுப்புகளுக்கு ஆளைக் கவரும் ஆங்கிலக் கதைநூல்கள் 250 வீதம் கொடுத்தார்கள். ஆங்கிலம் அந்தப் பிள்ளைகளுக்கும் வீட்டுமொழி அல்ல. எட்டு மாதத்தில், வாசிப்பிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் அவர்கள் வழக்கமான வகுப்புப் பிள்ளைகளைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு முன்னேறியிருந்தார்கள். சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் அருகருகே அச்சிட்ட படக்கதைகளை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகளை இலவசமாக எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். ஆனால் பூட்டிய பீரோவுக்குள் புத்தகத்தை அடுக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வகுப்பறையில், கிழிந்தாலும் பரவாயில்லை என்று எழுதித் தந்துவிட்டு வையுங்கள். கணக்குப்பதிவேட்டில் ஒரு புத்தகம் குறைந்தால் தம் சம்பளத்தில் கை வைப்பார்களோ என்ற அச்சத்தில்தான் ஆசிரியர்கள் பீரோவைப் பூட்டுகிறார்கள்.

"அரசு ஆசிரியர் கைநிறையச் சம்பளம் வாங்குகிறார், அவருக்கு நாங்கள் எதற்கு உதவ வேண்டும்?" என்பது உங்களில் பலரின் மனத்தில் இருக்கும் தடை, அதை மழுப்பாமல் பேசுவோம். நிரந்தர ஆசிரியரின் சம்பளம் நியாயமானது, அதற்கு மேல் பணம் கொடுக்கச் சொல்லவில்லை. நான் கேட்பது துணை, நூல், உரையாடல் ஆகியவற்றை. இவற்றைச் சம்பளம் வாங்கித் தராது. இரண்டாவதாக, காலிப் பணியிடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் அமர்த்தப்படும் தற்காலிக ஆசிரியர்களை நினைத்துப் பாருங்கள். 2022-இல் பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் ரூ.10,000 என்று தொடங்கி, பிறகு ரூ.15,000 ஆக்கினார்கள். கல்வியாண்டு முடிந்தால் வேலையும் முடியும். இந்த ஊதியத்தில் வரும் இளம்பெண் அடுத்த ஆண்டு இதே பள்ளியில் இருப்பாரா என்பது அவருக்கே தெரியாது. ஆசிரியர் மாறினால் ஆங்கிலம் மீண்டும் முதல் பாடத்திலிருந்து தொடங்குகிறது. நல்ல தற்காலிக ஆசிரியர் ஒருவரைப் பள்ளியின் ஒப்புதலோடு மூன்று ஆண்டு நிலைநிறுத்த ஊதியத்தில் ஒரு பகுதியை நீங்கள் ஏற்பது, நிரந்தர நியமனம் கேட்டு அரசிடம் வாதாடுவதற்கு மாற்றாகாது. இரண்டும் வேண்டும்.

தமிழ் என்னாகும் என்ற கேள்வியை மதிப்போடு எடுத்துக்கொள்கிறேன். திண்டிவனம், பேராசிரியர் பிரபா கல்விமணி தாய்த்தமிழ்ப் பள்ளியை நடத்திக் காட்டிய ஊர். தாய்மொழியில் சிந்திக்கத் தெரிந்த பிள்ளைதான் வேறெதையும் உறுதியாகக் கற்கும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதனால்தான் என் வாதம் ஆங்கிலவழிக்கு ஆதரவானது அல்ல. 2012-க்குப் பிறகு அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. அறிவியலையும் சமூக அறிவியலையும் புரியாத மொழியில் மனப்பாடம் செய்யும் நிலை பல பிள்ளைகளுக்கு அதனால் வந்தது. பாடத்தின் மொழியை மாற்றுவது ஆங்கிலம் கற்பிப்பது ஆகாது. வாரத்தில் ஆறேழு ஆங்கிலப் பாடவேளைகள் இருக்கின்றன. அவற்றை உருப்படியாக நடத்தினால், மீதியைத் தமிழில் நிறைவாகப் படிக்கலாம். இருளர் குடியிருப்புகளிலிருந்து வரும் பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். செங்கல் சூளைப் பருவத்தில் பெற்றோரோடு போய்ப் பல வாரம் பள்ளியைத் தவறவிடும் சிறுமிக்கு, திரும்பி வந்ததும் விட்ட இடத்தைப் பொறுமையாகத் தொட்டுக்கொடுக்க ஒரு மனிதர் தேவை. கடைமடைக்கும் கடைசியில் இருக்கும் நிலம் அவளுடையது.

கைப்பேசியில் செயலி இருக்கிறது, இனி ஆசிரியர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு கிராமப்புறக் கல்வி நிலையை அளக்கும் ஏசர் (ASER) அறிக்கையின் இரண்டு கணக்குகளைக் காட்டுவேன். நாட்டின் கிராமப்புறங்களில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஸ்மார்ட்ஃபோன் இருந்தவை 2018-இல் 36 விழுக்காடு, 2022-இல் அது 74.8. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 2016-இல் 45.3 விழுக்காடு, 2022-இல் 46.7. நடுவில் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததையும் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும். ஆனாலும் வீட்டுக்குள் கருவி இரட்டிப்பாக நுழைந்தும் வாசிப்பு அசையவில்லை என்பது உண்மை. நம் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் ஏற்கெனவே வந்துவிட்டது. அதை ஆங்கிலப் பாடத்துக்குப் பயன்படுத்தத் தெரிந்து, நேரமும் இருக்கிற ஆசிரியர்தாம் குறைவு.

பணத்தால் மட்டும் எல்லாம் ஆகிவிடாது என்பதற்கும், உள்ளூர் மனிதர்களால் எவ்வளவு ஆகும் என்பதற்கும் நம் வட்டாரமே சாட்சி. 2021 அக்டோபர் 27-இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது மரக்காணம் ஒன்றியத்தின் முதலியார்குப்பத்தில். மாலையில் தெருத்திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் ஊரில் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்பதை அத்திட்டம் வெளிச்சம்போட்டுக் காட்டியது. அவர்களில் ஆங்கிலத்தில் ஆர்வமுள்ள இருவரை ஆசிரியருக்குத் துணையாகப் பள்ளி நேரத்திலேயே அமர்த்தினால், ஐம்பது பேர் கொண்ட வகுப்பு மூன்று சிறு வட்டங்களாகும். ஒருத்திக்கு ஒரு நிமிடம்கூட இல்லாத கணக்கு அப்போது மாறும். ஆசிரியரின் இடத்தில் அவர்களை உட்காரவைப்பதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். மலிவான மாற்று கிடைத்துவிட்டால் காலிப் பணியிடம் காலியாகவே கிடக்கும்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது தலைமையாசிரியர் அறையோடு திரும்பிவிடாதீர்கள். அவர் அனுமதி பெற்று ஆங்கில ஆசிரியரைப் பாருங்கள், ஓய்வுப் பாடவேளையில், விழா எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில். "பள்ளிக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காமல், "உங்களுக்கு எந்தப் பாடம் கடினமாக இருக்கிறது, அதைப் பற்றிப் பேச யார் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். முதல் சந்திப்பில் அவர் "ஒன்றும் வேண்டாம், எல்லாம் நன்றாகத்தான் போகிறது" என்பார். இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை, நம்பிக்கை வர நாளாகும்.  ஆகவே இரண்டாவது முறையும் போய்ப் பாருங்கள்.

அன்புடன்,
அரசுப் பள்ளிகளை நம்பும் ஒருவர்